சாம்பல் நிறத்துக்கு ஓர் ஏர்பிரஷ்

என் நாத்தனார் வேலை செய்யும்போது மூச்சு விடமாட்டாள். பொம்மையின் கண்ணில் ஒரு இமை முடி வரைய வேண்டுமென்றால், தூரிகையை வண்ணத்தில் தொட்டு, கிண்ணத்தின் விளிம்பில் ஒரு தடவை துடைத்து, மூச்சை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொள்வாள். முடியை வரைந்து முடித்த பிறகுதான் அது வெளியே வரும். அதனால் பட்டறையில் அவளுக்கு மூச்சக்கா என்று பேர்.

"மூச்சக்கா, கொஞ்சம் விட்டுடு. நீ பாட்டுக்குப் பிடிச்சு வச்சுக்கிட்டே போய்ச் சேந்துட்டா, மிச்ச இமையை யார் வரையறது?" என்பார் அச்சுக்காரர். ரப்பரை உருக்கி அச்சில் ஊற்றுவது அவர் வேலை.

"நீங்களே வரைங்க. ஒரு கண்ணு வாசலைப் பாக்கும், ஒரு கண்ணு கொல்லையைப் பாக்கும். புள்ளையைக் குளிப்பாட்ட வந்த நர்ஸுங்க தண்ணியைக் கொட்டிட்டு ஓடுவாங்க."

எங்கள் பட்டறையில் செய்வது விளையாட்டுப் பொம்மை இல்லை. நர்ஸ் வேலைக்குப் படிக்கிற பெண்கள் பழகிப் பார்ப்பதற்கான பிள்ளைப் பொம்மை. தலையும் கையும் காலும் ரப்பர். உடம்பு துணி. உள்ளே மணல் நிரப்பி, பிறந்த குழந்தையின் எடைக்குச் சரியாகக் கொண்டு வருவோம். கழுத்தைத் தாங்காமல் தூக்கினால் தலை பின்னால் சாயும். அச்சுக்காரர் வார்ப்பார். நாத்தனார் முகமும் நகமும் எழுதுவாள். துணி உடம்பும் இடுப்புத்துணியும் சுற்றிக் கொடுக்கிற போர்வையும் தைப்பது நான். தகரக் கூரை, நீள மேசை, அதன் தலைமாட்டில் ஒரு பெரிய ஜன்னல். அந்த ஜன்னலடி அவளுடைய இடம். வேறு யாரும் அங்கே உட்காரமாட்டார்கள்.

பதினேழு வயதில் ஒரு பொம்மைக் கம்பெனியில் உதடு எழுதப் போனவள் அவள். எல்லா பொம்மைக்கும் ஒரே சிவப்பு. நாள் முழுக்க உதடு, உதடு, உதடு. வீட்டுக்கு வந்து கண்ணை மூடினாலும் உதடுதான் தெரிகிறது என்று சிரிப்பாள். அப்போது நன்றாகச் சிரிப்பாள். பிறகு கல்யாணம் ஆனது. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். பெண் குழந்தை. மூன்றாம் நாள் போய்விட்டது. அவள் வீட்டுக்காரர் வேலை தேடித் தூரமாகப் போனார். இரண்டு வருஷம் கடிதம் வந்தது. பிறகு அதுவும் நின்றது. அவள் எங்களோடேயே இருந்துவிட்டாள்.

இந்தப் பட்டறையில் வேலை கிடைத்தபோது என் கணவருக்கு மனசே இல்லை. "பிள்ளை பொம்மை செய்யுற எடத்துக்கா போகணும்? வேற வேலையே இல்லையா தங்கச்சி?" என்றார்.

"ரப்பர்தானே அண்ணா," என்றாள்.

அந்தக் குழந்தைக்குப் பேர் வைக்கவில்லை. பேர் வைப்பதற்குள் முடிந்துவிட்டது. அதனால் பேச்சில் எடுப்பதற்கும் ஒரு பிடி இல்லாமல் போயிற்று. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. நான் ஆண்டவனிடம் மட்டும் பேசுவேன். தினமும் விளக்கை அணைக்கும் முன் பேசுவேன்.

போன வருஷம் மழை விடுகிற சமயத்தில் நர்ஸ் பள்ளியிலிருந்து பெரிய சிஸ்டர் வந்தார். அங்கே பாடம் நடத்துகிறவர். ஒரு பையிலிருந்து வேறெங்கோ வாங்கிய பொம்மையை எடுத்து மேசையில் வைத்தார். ரோஜா நிற உடம்பு. வாயைச் சுற்றிப் பேனா மை ஊற்றியது போல நீலம்.

"மூச்சுத் திணறுற குழந்தை இப்படி இருக்கும்னு இதை வச்சுத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். பொண்ணுங்களும் பரீட்சையில நீலம் நீலம்னு எழுதிடுறாங்க. ஆனா வார்டுல நம்ம நிறத்துப் புள்ளை வந்தா கோட்டை விட்டுடுறாங்க. நம்ம புள்ளைங்களுக்கு இந்த மாதிரி நீலம் வராது. பாத்தவங்களுக்குத்தான் தெரியும்."

என் நாத்தனார் தூரிகையைக் கீழே வைத்தாள்.

சிஸ்டருக்கு மூன்று பொம்மை வேண்டும். மாநிறம், உடம்பு முழுக்க ரப்பர். ஒன்று நல்ல குழந்தை. இரண்டாவதுக்குக் கையும் காலும் மட்டும் லேசாக நிறம் மாறி இருக்க வேண்டும். பிறந்த ஒன்றிரண்டு நாள் பல குழந்தைகளுக்கு அப்படி இருக்குமாம், பயம் இல்லையாம். மூன்றாவது, உதடும் நாக்கும் மாறிய குழந்தை. ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாத குழந்தை.

"ஆறு வாரத்துல பரீட்சை. அது முடிஞ்சா இந்தப் பொண்ணுங்க மூலைக்கு ஒருத்தியாப் போயிடுவாங்க. போற எடத்துல பக்கத்துல கேக்குறதுக்கு ஆளே இருக்காது. அதுக்குள்ள ஒரு தடவையாவது சரியானதைப் பாத்துடணும்," என்றார்.

முதலில் தூரிகையால்தான் முயன்றாள். மேல் உதட்டுக்கு மேலே அந்த மங்கலைக் கொண்டுவர நான்கு தடவை எழுதினாள். நான்கு தடவையும் கோடு விழுந்தது.

அச்சுக்காரர் எட்டிப் பார்த்தார். "புள்ளைக்கு மீசை முளைச்சிடுச்சே! இதுக்கு நர்ஸ் எதுக்கு, பொண்ணு பாக்க வேண்டியதுதானே?"

எல்லாரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. துணியை வண்ணம் கரைக்கிற திரவத்தில் நனைத்துத் துடைத்துவிட்டு, நேராக மேனேஜரிடம் போனாள். "தூரிகை தொடுற எடத்துல எல்லாம் கோடு நிக்குது சார். இதைத் தொடாமப் பூசணும்."

"தொடாம எப்படிம்மா பூசுறது?"

"ஏர்பிரஷ் வேணும். வண்ணத்தைக் காத்துல தூவுறது."

மேனேஜர் நல்ல மனுஷன். ஒன்றுதான் வாங்க முடியும், பார்த்து வாங்குங்கள் என்றார். இதுவரை எங்கள் பட்டறையில் அந்தச் சாமானை யாரும் கையில் பிடித்ததில்லை. ஒரு சனிக்கிழமை நானும் அவளும் பஸ் ஏறிப் போனோம்.

வண்ணக் கடை குறுகலாக, நீளமாக, ரயில் பெட்டி மாதிரி இருந்தது. கண்ணாடி அலமாரி நிறையக் குட்டிக் கப்பல், குட்டி விமானம். எல்லாம் கடைக்காரர் தானே ஒட்டித் தானே வண்ணம் அடித்தவை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு அவர் கேட்டார்.

"ஏர்பிரஷ் எதுக்கு? கேக்குக்கா, நகத்துக்கா, பைக் டேங்குக்கா?"

"பொம்மைக்கு."

"பொம்மைன்னா? கப்பலா, ஏரோப்ளேனா?"

"குழந்தை," என்றாள்.

அவர் மூன்று பெட்டிகளை எடுத்துத் திறந்தார். ஒவ்வொன்றும் தடித்த பேனா மாதிரி, பளபளவென்று, உள்ளே நீளமாக ஓர் ஊசி. ஒரு வகையில் பொத்தானை அமுக்கினால் காற்றும் வண்ணமும் சேர்ந்தே வரும். எவ்வளவு வர வேண்டும் என்பதை முன்கூட்டியே திருகி வைத்துவிட வேண்டும். இன்னொரு வகையில் அமுக்கினால் காற்று மட்டும். அப்படியே பின்னால் இழுத்தால்தான் வண்ணம். எவ்வளவு இழுக்கிறோமோ அவ்வளவு வரும். "முதல்ல கை தடுமாறும். பழகிட்டா அப்புறம் விடவே மாட்டீங்க. நுணுக்க வேலைக்கு இந்த இழுக்குறதுதான்," என்றார். கிண்ணமும் அடியில் தொங்குகிற குப்பியாக இல்லாமல் தலைமேல் இருப்பதாகப் பார்க்கச் சொன்னார். நாலு சொட்டு ஊற்றினாலும் வீணாகாமல் இறங்கும்.

அது வரைக்கும் சரி. ஊசியின் அளவில்தான் வந்தது வினை.

"முதல் ஏர்பிரஷ்ஷா? யோசிக்காம பாயிண்ட் த்ரீ மில்லிமீட்டர் ஊசி எடுத்துட்டுப் போங்க. கோடும் போடலாம், பரப்பவும் செய்யலாம்."

"அந்தச் சின்னது?" என்றாள்.

"அது பாயிண்ட் டூ. கோபக்காரி. வண்ணம் ஒரு சொட்டு கெட்டியா இருந்தா வாயை மூடிக்குவா. இல்லேன்னா தும்முவா."

அவள் கேட்டு வாங்கிப் பார்த்தாள். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி, பழுப்புக் காகிதத்தில் இழுத்தாள். தலைமுடி மாதிரி ஒரு ஈரக் கோடு விழுந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு இன்னொன்று இழுத்தாள்.

"மூச்சு விடுங்கம்மா. இது எதையும் தொடுறதில்ல. கை நடுங்கினாலும் ஒண்ணும் ஆகாது," என்று சிரித்தார் கடைக்காரர். "தண்ணியை ஊத்திப் பாத்தா எல்லாமே தங்கக் கம்பிதான். வண்ணம் ஊத்தினாத்தான் குணம் தெரியும்."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். இப்போதும் அதை நினைத்துக்கொள்கிறேன். அவள் பார்த்தாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"மெல்லிசுத் துணிக்கு மெல்லிசு ஊசிதானே போடுவோம்? நுணுக்க வேலைக்குச் சின்னதுதான் சரியா வரும். அதையே எடு," என்றேன். எனக்குத் தெரிந்தது தையல் மிஷின். அதை வைத்து ஊரையே அளந்துவிட்டேன்.

பாயிண்ட் டூவோடு திரும்பினோம்.

ஏர்பிரஷ்ஷுக்குக் காற்று தருகிற மிஷினும் வந்து சேர்ந்தது. அது ஓடும்போது ஜன்னல் கம்பி அதிரும். முதல் வாரம் பழைய தலைகளில் பழகினாள். கிட்டே பிடித்து அதிகமாக இழுத்துவிட்டால் வண்ணம் நாலா பக்கமும் சிலந்திக் கால் மாதிரி ஓடும். "மீசை போயி இப்ப எட்டுக்கால் பூச்சியா?" என்றார் அச்சுக்காரர். ஆனால் இரண்டாம் வாரம் அவரே வந்து பேசாமல் நின்றார். முதல் பொம்மையின் நெற்றிப் பொட்டில், தோலுக்கு அடியில் ஓடுவது போல ஒரு நரம்பு. பார்த்தால் விரல் தன்னால் தடவிப் பார்க்கப் போகும்.

இரண்டாவதுக்குக் கையும் காலும் சின்ன இடம். அங்கே அந்த ஊசி எப்படியோ சமாளித்தது. மூன்றாவது பொம்மை அலமாரியில், நான் தைத்த போர்வை சுற்றி அப்படியே இருந்தது. அவள் அதை எடுக்கவில்லை. முதல் இரண்டு பொம்மைக்கும் நாளுக்கொரு நரம்பு, நாளுக்கொரு புருவ முடி சேர்த்துக்கொண்டே போனாள். கை மடிப்பில் ஒரு கோடு. காதுக்குப் பின்னால், யாருமே பார்க்காத இடத்தில் ஒரு கோடு. நாலாவது வாரத்தில்தான் எனக்குப் புரிந்தது. கோடு போடுகிற வரைக்கும் அவள் அந்த நிறத்தைப் பூச வேண்டியதில்லை. அதனால்தான் கோட்டுக்கான ஊசியாகப் பார்த்து எடுத்தாள். நானும் எடுத்துக் கொடுத்தேன்.

ஐந்தாம் வாரம், மூன்றாவது எங்கே என்று மேனேஜர் கேட்டுவிட்டார். அன்றைக்கு மூன்றாவதைப் போர்வையிலிருந்து எடுத்தாள்.

ரப்பருக்கான வண்ணம் கெட்டி. சீக்கிரம் காயும். அதை மெல்லிசாகப் பரப்பப் போனால் ஊசி முனையிலேயே காய்ந்து அடைத்துக்கொண்டது. அடைத்து, திடீரென்று தும்மியது. உதட்டைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக, அம்மை கண்ட மாதிரி. துடைத்தாள். மறுபடி. துடைத்தாள். கழற்றிக் கழுவினாள். முனையில் அரிசி நுனி அளவுக்கு ஒரு பித்தளைக் குழல் உண்டு, ஊசி அதன் வழியாகத்தான் நீளும். அதைத் திரும்ப மாட்டும்போது அவசரத்தில் ஒரு சுற்று அதிகமாக முறுக்கிவிட்டாள். குழல் பிளந்தது. சத்தம்கூட வரவில்லை.

அவள் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பரீட்சைக்கு எட்டு நாள் இருந்தது.

மறுநாள் மறுபடி அதே கடை. கடைக்காரர் நெற்றியிலிருந்து கண்ணாடியை இறக்கி, குழலைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"அன்னைக்கே சொன்னேன்ல! வண்ணம் பட்டதை மாத்திக் கொடுக்க முடியாதும்மா. இந்தக் குழலும் இப்ப என்கிட்ட இல்ல, வர ரெண்டு வாரம் ஆகும்."

"ரெண்டு வாரம் இல்லண்ணா."

"அப்படி என்னதான் அடிக்கிறீங்க? குழந்தைன்னீங்க, கன்னத்துக்கு ரோஸ்தானே?"

"மூச்சு சரியா இல்லாத குழந்தைக்கு வர்ற நிறம்."

"நீலமா?"

"நீலம்னுதான் சொல்றாங்க. அது நீலம் இல்ல." அவள் தன் மேல் உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். "இங்க ஆரம்பிக்கும். சாம்பல் மாதிரி. எங்க தொடங்குது எங்க முடியுதுன்னு காட்ட முடியாது. நேரா பாத்தா இல்லாத மாதிரி இருக்கும், வேற எங்கயாவது பாத்துட்டுத் திரும்பிப் பாத்தா இருக்கும். உதடு, கறுப்புத் திராட்சை பட்டுத் துடைச்ச மாதிரி. நாக்கும் அப்படித்தான். அழும்போது வாயைத் திறந்தாத் தெரியும். ஆனா சரியா அழாது."

கடைக்காரர் குழலை மேசையில் வைத்தார்.

"என் பொண்ணுக்கு இருந்துச்சு. மூணாம் நாள். காலையில மழை பெஞ்சுது. வீட்டுல எல்லாரும் குளிர்னு நெனச்சோம். இன்னொரு துணி எடுத்துச் சுத்தினோம். மத்தியானம் துணியை விலக்கிப் பாத்தப்ப முகம் முழுக்க வந்துடுச்சு."

பத்தொன்பது வருஷமாக ஒரே கூரையின் கீழே இருக்கிறோம். அவள் வாயிலிருந்து அதை நான் கேட்டது அன்றைக்குத்தான். ஒரு வண்ணக் கடையில், முன்பின் தெரியாத மனுஷனிடம் சொன்னாள்.

வீட்டில் எல்லாரும் நினைக்கவில்லை. அன்றைக்கு வீட்டில் நானும் அவளும்தான் இருந்தோம். "உதடு ஒரு மாதிரி இருக்கே அண்ணி?" என்று அவள் கேட்டாள். "மழைக் குளிர். வேற ஒண்ணும் இல்ல, நல்லா சுத்திப் படுக்க வை," என்று சொன்னவள் நான். இரண்டாவது போர்வையைக் கொண்டுவந்து, முகத்தை ஒட்டி மூடிச் சுற்றிக் கொடுத்ததும் நான்தான். குளிருக்கு அடக்கமாக இருக்கட்டும் என்று ஓரத்தைச் செருகிவிட்டேன். ஆஸ்பத்திரியில் டாக்டர், "காலையிலேயே கொண்டு வந்திருக்கலாமே," என்று மட்டும் சொன்னார். கொண்டு வந்திருந்தால் பிழைத்திருக்குமா என்று அவர் சொல்லவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை. தினமும் ஆண்டவனிடம் கேட்கிறேன். அவரும் இன்னும் சொல்லவில்லை.

கடைக்காரர் உள்ளே போய் பாயிண்ட் த்ரீ பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். உடைந்ததை எடுத்துத் தன் மேசை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். "இதை நான் சரி பண்ணி வச்சுக்கறேன். என் கப்பல் பாய்க்கயிறு எழுத ஆகும்," என்றார். பிறகு தாழ்ந்த குரலில் வேலையைச் சொல்லிக் கொடுத்தார். "வண்ணத்தைப் பாலை விடத் தண்ணியாக் கலக்குங்க. சீக்கிரம் காயாம இருக்க இந்தத் திரவம் ஒரு சொட்டு. காத்தைக் குறைச்சு வச்சுக்குங்க. ஒரு சாண் தள்ளிப் பிடிங்க. முதல் தடவை அடிச்சா ஒண்ணுமே தெரியக் கூடாது. தெரிஞ்சா அதிகம். காய விட்டு மறுபடி. பத்துத் தடவையில மெதுவா வரும். அவசரப்படாதீங்கம்மா."

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவள். நான் பக்கத்தில். மூன்று நிறுத்தம் வரைக்கும் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு நான்தானே..." என்று ஆரம்பித்தேன்.

"டிக்கெட் எடுத்துட்டீங்களா அண்ணி?" என்றாள்.

"எடுத்துட்டேன்."

"சரி," என்று வெளியே பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

அந்தக் குழந்தை போய் இரண்டு வருஷம் கழித்து எனக்கு மகன் பிறந்தான். தொட்டிலில் போட்டுவிட்டு நான் அடுப்படிக்குப் போனால், அவள் ஓசைப்படாமல் வந்து போர்வையை முகவாய்க்குக் கீழே இறக்கிவிடுவாள். அவன் உதட்டைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். போய்விடுவாள். ஒரு நாளில் எத்தனை தடவை என்று எண்ணியதில்லை. கதவோரம் நின்று பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி நானும் திரும்பிவிடுவேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றும்.

மூன்று காலை அவள் அந்தப் பொம்மையோடு உட்கார்ந்தாள். காலை வெளிச்சம் ஜன்னலில் நேராக இருக்கிற நேரம் மட்டும்தான் அடிப்பாள். வெளிச்சம் நகர்ந்தால் மிஷினை நிறுத்திவிடுவாள். ஒரு சாண் தள்ளிப் பிடித்து, கையை நிறுத்தாமல் நகர்த்திக்கொண்டே இருப்பாள். ஒன்றும் நடக்காதது போலவே இருக்கும். அச்சுக்காரர் அந்தப் பக்கம் வரவே இல்லை. அவர் மனைவி கொடுத்தனுப்பிய டீயைக்கூட எட்ட வைத்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள், "அண்ணி, கொஞ்சம் வாங்க," என்றாள்.

"நான் வந்து என்ன சொல்லப் போறேன்? எனக்கு வண்ணம் தெரியுமா?"

"எனக்குப் பாத்துப் பாத்துக் கண்ணு பழகிடுச்சு. இப்ப எதைப் பாத்தாலும் சரியாத்தான் தெரியுது. அன்னைக்குப் பாத்தது நாம ரெண்டு பேரும்தான். நீங்கதான் சொல்லணும்."

ஆண்டவனே, துணைக்கு இரு என்று சொல்லிக்கொண்டு போனேன். பொம்மை மேசைமேல் மல்லாந்து கிடந்தது. மாநிறம். மேல் உதட்டுக்கு மேலே ஒரு மங்கல். எங்கே தொடங்குகிறது என்று காட்ட முடியாது. உதட்டில் பழம் பட்டுத் துடைத்த கறை. வாய் லேசாகத் திறந்து, உள்ளே நாக்கின் நுனி அதே நிறம். நான் ஜன்னலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். இருந்தது. அந்தக் காலை, அந்த மழைச் சத்தம், என் கையில் இருந்த இரண்டாவது போர்வை, எல்லாம் இருந்தது.

கும்பிட்டுவிட்டு ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் பார்க்காமல் சொல்லிவிட்டேன். இன்றைக்காவது பார்க்க வேண்டும் என்று நின்றேன்.

"மூக்குக்கு ரெண்டு பக்கமும்... இன்னும் கொஞ்சம் இருந்துச்சும்மா. இங்க. இந்தப் பள்ளத்துல."

அவள் தலையாட்டினாள். மிஷினைப் போட்டாள். மூக்கோரம் இரண்டு தடவை, மூன்று தடவை. மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது நான்தான். அது காய்கிற வரைக்கும் காத்திருந்தோம். பிறகு மறுபடி பார்த்தேன்.

"இதுதான்," என்றேன். "இது குளிர் இல்ல."

அவள் மிஷினை நிறுத்தினாள். ஜன்னல் கம்பியின் அதிர்வு அடங்கியது.

"அன்னைக்கு உனக்குச் சந்தேகம் வந்துச்சு. நான்தான் குளிர்னு சொல்லி மூடி வச்சேன். என்னை..."

அவள் ஊசியை உருவித் துணியில் துடைத்துக்கொண்டே பேசினாள். "எனக்கும் கண்ணு இருந்துச்சே அண்ணி. நீங்க குளிர்னு சொன்னதும் எனக்கு அவ்வளவு நிம்மதியா இருந்துச்சு. குளிராவே இருக்கட்டும்னு நானும் நெனச்சேன். துணியை விலக்கி இன்னொரு தடவை பாக்கவே இல்ல. பயம்." ஊசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அதை நான் யார்கிட்ட சொல்லுவேன்?"

இவ்வளவு வருஷமும் அவள் என்னை மன்னிக்கவில்லை என்று நினைத்திருந்தேன். அவள் மன்னிக்காதது தன்னைத்தான். ஒரே வீட்டில் ஆளுக்கொரு மூலையில் இருந்து இதே பாரத்தைச் சுமந்திருக்கிறோம். கை கொடுத்திருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். அழுதேன். அவள் அழவில்லை. கிண்ணத்தைக் கழுவப் போனாள்.

பெட்டியில் வைக்கிற நாள் வந்தது. பொம்மை வெளியே போகும்போது கழுத்து வரை போர்வை சுற்றி அனுப்புவதுதான் பட்டறையின் வழக்கம். இந்த மூன்றுக்கும் ஓரம் மடித்து நல்ல துணியில் தைத்திருந்தேன். முதல் இரண்டையும் சுற்றி வைத்தேன். மூன்றாவதைச் சுற்றக் கையில் எடுத்தபோது அவள் வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இதுக்கு வேண்டாம் அண்ணி. மூடினாத் தெரியாது."

மேலே வண்ணம் உரசாமல் இருக்க ஒரு கண்ணாடித் தாள் மட்டும் போட்டாள். பெட்டியைத் திறந்ததும் முதலில் அந்த வாய்தான் தெரியும்படி தலையைச் சற்றுத் திருப்பி வைத்தாள். ஒரு விரலால் அதன் முன்நெற்றியைத் தொட்டாள். ரப்பர்தானே என்று அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

பரீட்சை முடிந்து பெரிய சிஸ்டர் போன் செய்திருந்தார். சாப்பாட்டு வேளையில் மேனேஜர் வந்து சொன்னார். "மூணாவது பொம்மையைப் பாத்துட்டு பாதிப் பொண்ணுங்க 'குளிர், நன்றாகப் போர்த்த வேண்டும்'னு எழுதியிருக்காங்களாம். சிஸ்டர் அப்புறம் ஒவ்வொருத்தியையும் பக்கத்துல நிறுத்திக் காட்டினாராம். இனிமே ஜென்மத்துக்கும் அப்படி எழுதமாட்டாளுங்கன்னு சொன்னார். இன்னும் நாலு பொம்மை கேக்குறார்."

"பாதிப் பேரா?" என்றாள் அவள்.

"பாதிப் பேர்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு டப்பாவை மூடிக் கை கழுவிவிட்டு ஜன்னலடிக்குப் போய், வண்ணத்தைக் கலக்கத் தொடங்கினாள். படித்த பெண்களே பாதிப் பேர் என்றால் நாங்கள் எம்மாத்திரம் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். தேறவில்லை. அந்தக் குழந்தை, குளிர் என்று சொல்கிற அந்தப் பாதியிடம் வந்து மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

மூன்றாவது போர்வை என் தையல் மிஷின் இழுப்பறையில் இருக்கிறது. ஓரம் மடித்து, முடிச்சுப் போட்டு, முடித்து வைத்தது. எத்தனையோ பொம்மை வந்து போய்விட்டது. அதை எடுத்து எதற்கும் சுற்ற எனக்குக் கை வரவில்லை.